நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடமிருந்து ஹதீஸ் எடுக்காதீர்கள்

மணற்கேணி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஆலிம்களும் வரலாறு படித்தவர்களும் இருப்பதால் கேட்கிறேன். ஹதீஸ்களை, அதாவது நபி (ஸல்) அவர்களின் சொல், செயல் பற்றிய செய்திகளை, இமாம் முஸ்லிம் தொகுத்த ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையைத் தமிழில் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஹதீஸ் விமர்சகர் யஹ்யா பின் ஸயீத் அல்கத்தான் சொன்னதாக ஒரு செய்தி வருகிறது. நல்லடியார்கள் ஹதீஸில் பொய் சொல்லும் அளவுக்கு வேறு எதிலும் பொய் சொல்லி நாங்கள் கண்டதில்லை என்கிறார். இமாம் முஸ்லிம் உடனே அதை விளக்குகிறார்: பொய் அவர்கள் நாவில் தானாக ஓடிவிடுகிறது, வேண்டுமென்றே அவர்கள் சொல்வதில்லை.

அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. தொழுகையும் நோன்புமாக வாழ்ந்து மறைந்த ஒருவரை ஹதீஸ் அறிவிப்பதில் “பலவீனமானவர்” என்று நூலில் எழுதிவைத்தால், அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது புறம் பேசுவதாகாதா? இப்படித் தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு எந்த அளவுகோல் இருந்தது?

நூலகத்தான் எழுதியது:

வ அலைக்குமுஸ் ஸலாம். இதே கேள்வியை அவர்களின் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அபூ துராப் நக்ஷபீ என்ற ஸூஃபி, இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்களைப் பார்க்க வந்தார். “இன்னார் பலவீனமானவர், இன்னார் நம்பகமானவர்” என்று அஹ்மத் சொல்லிக்கொண்டிருந்தார். “ஷைகே, அறிஞர்களைப் புறம் பேசாதீர்கள்” என்றார் அபூ துராப். அஹ்மத் அவர் பக்கம் திரும்பி, “உமக்கென்ன கேடு! இது நலம் நாடிச் சொல்வது, புறமல்ல” என்று சொல்லிவிட்டார். வேறொருவர், “ஒருவரைப் பலவீனமானவர் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்றபோது, “நீரும் வாயை மூடிக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டால், விவரம் தெரியாதவன் சரியானதையும் பழுதானதையும் எப்போது பிரித்தறிவான்?” என்று கேட்டார்.

நீங்கள் குறிப்பிட்ட யஹ்யா அல்கத்தானிடமும் (இறப்பு ஹிஜ்ரி 198) கேட்டிருக்கிறார்கள். “நீங்கள் ஒதுக்கிய ஆட்கள் மறுமையில் அல்லாஹ்வின் முன்னால் உங்களுக்கு எதிராக வழக்காடுவார்களே, அஞ்சவில்லையா?” அவர் சொன்ன பதில்: “அவர்கள் எனக்கு எதிராக வழக்காடட்டும். ‘என் பெயரில் சொல்லப்பட்ட பொய்யை ஏன் நீ தடுக்கவில்லை?’ என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) எனக்கு எதிராக வழக்காடுவதைவிட அது மேல்.”

அளவுகோல் பற்றி. ஒருவரிடம் அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒன்று, அவருடைய மார்க்க ஒழுக்கம். இன்னொன்று, கேட்டதைக் கேட்டபடி வைத்திருந்து திருப்பிச் சொல்லும் திறன். அதை ளப்த் என்பார்கள். முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று அவர்கள் எண்ணவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) மதீனாப் பள்ளிவாசலின் தூண்களைக் காட்டிச் சொன்னார்: இந்தத் தூண்களின் அருகே “அல்லாஹ்வின் தூதர் சொன்னார்கள்” என்று அறிவிக்கும் எழுபது பேரைக் கண்டிருக்கிறேன், பொதுக் கருவூலத்தையே ஒப்படைத்தாலும் நாணயமாக நடந்துகொள்ளக்கூடியவர்கள், ஆனாலும் அவர்களிடமிருந்து எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர்கள் இந்தக் கலைக்குரியவர்கள் அல்லர். எழுபது பேரும் நல்லவர்கள், எல்லாரும் மாலிக்கின் ஊர்க்காரர்கள்.

எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அறிஞர். அவருடைய சுவடிகள் எரிந்துபோயின என்றும் அதன் பிறகு அவர் அறிவிப்பில் குழப்பம் வந்தது என்றும் சொல்வார்கள். அதற்காக அவரை முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. அப்துல்லாஹ் இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் போன்றவர்கள் அவரிடம் ஆரம்பத்திலேயே கேட்டு எழுதியதைத் தனியாக மதித்தார்கள். ஒரே மனிதருடைய வாழ்நாளுக்குள்ளேயே கோடு கிழித்து, இதற்கு முன், இதற்குப் பின் என்று பிரித்திருக்கிறார்கள்.

தென்றல்வழி எழுதியது:

அலீ இப்னுல் மதீனீயை விட்டுவிட்டீர்களே. தம் தந்தையைப் பற்றிக் கேட்டவர்களிடம், “வேறு யாரையாவது கேளுங்கள்” என்று நழுவினார். விடாமல் கேட்டார்கள். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்து, “இது மார்க்கம். என் தந்தை பலவீனமானவர்” என்றார். ஸஹீஹுல் புகாரீ என்ற ஹதீஸ் தொகுப்பைத் தந்த இமாம் புகாரீயின் ஆசிரியர் இவர். பெற்றவரையே சொன்னவரைப் பற்றி எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். நான் முஸ்லிம் அல்லன், வரலாறு படித்தவன். மரியாதையோடு இரண்டு ஐயங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: இதுவரை சொன்னவை மனிதர்களின் நேர்மையைக் காட்டுகின்றன. நேர்மையான ஒருவர் தவறான முறையைக் கையாளலாம். அவர்கள் நடைமுறையில் என்ன சோதனை செய்தார்கள்? “இவர் நம்பகமானவர்” என்பது கருத்தாகவே இருந்ததா, சரிபார்க்கும் வழி ஏதாவது இருந்ததா?

இரண்டாவது: இமாம் புகாரீ இறந்தது ஹிஜ்ரி 256, கி.பி. 870. நபிகள் இறந்தது 632. இடையில் ஓடிய இரண்டு நூற்றாண்டுகளுக்கு என்ன விடை? அறிவிப்பாளர் தொடர்களே (யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற பெயர் வரிசைகளே) பின்னால் கட்டப்பட்டு, காலப்போக்கில் மேல்நோக்கி நபிகள்வரை நீட்டப்பட்டவை என்று மேற்கத்திய ஆய்வாளர் ஜோசப் ஷாக்த் 1950இல் விரிவாக வாதிட்டார்.

நூலகத்தான் எழுதியது:

நல்ல கேள்விகள். முதலாவதற்கு ஒரு பயணக் கதை சொல்கிறேன். ஹதீஸ் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது இது, அதனால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸராவில் வாழ்ந்தவர் ஷுஅபா பின் ஹஜ்ஜாஜ் (ரஹ்). இறப்பு ஹிஜ்ரி 160. ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் மாணவர்கள் ஹதீஸ்களை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், “அபூ இஸ்ஹாக் அறிவித்தார், அப்துல்லாஹ் பின் அதாவிடமிருந்து, அவர் உக்பா பின் ஆமிரிடமிருந்து…” என்று தொடங்கினார். உளூவின் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதின்) சிறப்பு பற்றிய ஹதீஸ். ஷுஅபா வெளியே வந்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுபடி வந்து பார்த்தால் அந்த மாணவர் அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், “நீங்கள் செய்தது சரியில்லை” என்றதும் ஷுஅபா நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

“இதே ஹதீஸை அபூ இஸ்ஹாக் சொன்னபோது, ‘அப்துல்லாஹ் பின் அதா இதை உக்பாவிடம் நேரில் கேட்டாரா?’ என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே இருந்த மிஸ்அர், ‘அப்துல்லாஹ் பின் அதா மக்காவில் உயிரோடுதான் இருக்கிறார்’ என்றார். மக்காவுக்குப் புறப்பட்டேன். என் நாட்டம் ஹஜ் அல்ல, இந்த ஹதீஸ்தான். அவரைக் கண்டு கேட்டேன். ‘ஸஅத் பின் இப்ராஹீம் எனக்குச் சொன்னார்’ என்றார். ஸஅத் மதீனாவில் இருக்கிறார், இந்த ஆண்டு ஹஜ்ஜுக்கு வரவில்லை என்று மாலிக் பின் அனஸ் சொன்னார். மதீனாவுக்குப் போனேன். ஸஅத், ‘இந்த ஹதீஸ் உங்கள் ஊரிலிருந்து வந்ததுதானே? ஸியாத் பின் மிக்ராக் எனக்குச் சொன்னார்’ என்றார். இது என்ன ஹதீஸ்! கூஃபாவைச் சேர்ந்ததாக இருந்தது, மக்காவைச் சேர்ந்ததாயிற்று, மதீனாவைச் சேர்ந்ததாயிற்று, கடைசியில் பஸராவுக்கே திரும்பிவிட்டது! பஸராவுக்கு வந்து ஸியாதைக் கேட்டேன். ‘இது உமக்குத் தோதுப்படாது’ என்றார். விடாமல் கேட்டதும், ‘ஷஹ்ர் பின் ஹவ்ஷப் சொன்னார்’ என்றார். ஷஹ்ரின் பெயரைக் கேட்டதும் எல்லாம் பாழாயிற்று. இந்த ஹதீஸ் மட்டும் எனக்குச் சரியான வழியில் கிடைத்திருந்தால், என் குடும்பத்தையும் சொத்தையும் மனிதர்கள் எல்லாரையும்விட எனக்கு அது பிரியமாக இருந்திருக்கும்.”

கல்வெட்டுக்காரன் கேட்ட சோதனை இதற்குள்ளேயே இருக்கிறது. “அவரிடமிருந்து” என்று ஒருவர் சொன்னால், நேரில் கேட்டாரா, இடையில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்ப்பது. அபூ இஸ்ஹாக் சொன்ன தொடரில் அப்துல்லாஹ்வுக்குப் பிறகு நேரே உக்பா. தோண்டிப் பார்த்தால் இடையில் ஸஅத், ஸியாத், ஷஹ்ர் ஆகியோர் நிற்கிறார்கள், ஷஹ்ருக்கு மேலே இன்னொருவரும் இருக்கிறார்.

ஆண்டுக் கணக்கை வைத்தும் பிடித்தார்கள். “அறிவிப்பாளர்கள் பொய்யைக் கையில் எடுத்தபோது நாங்கள் ஆண்டுக் கணக்கைக் கையில் எடுத்தோம்” என்றார் ஸுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்). காலித் பின் மஅதானிடம் கேட்டதாக ஒருவர் ஹதீஸ் சொன்னார். இஸ்மாயீல் பின் அய்யாஷ் அவரிடம், “எந்த ஆண்டு அவரிடம் எழுதிக்கொண்டீர்?” என்று கேட்டார். “113” என்று பதில் வந்தது. “அப்படியானால், அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து அவரிடம் கேட்டிருக்கிறீர்” என்றார் இஸ்மாயீல். காலித் இறந்தது 106இல். இப்படிப் பிறப்பு, இறப்பு, ஊர், பயணம், ஆசிரியர், மாணவர் என்று எழுதிச் சேர்த்ததில்தான் ரிஜால் நூல்கள், அதாவது அறிவிப்பாளர்களைப் பற்றிய நூல்கள், பிறந்தன. இமாம் புகாரீயின் பெரிய வரலாற்று நூலான அத்தாரீக்குல் கபீர் அந்த வகையைச் சேர்ந்தது.

தென்றல்வழி எழுதியது:

யஹ்யா பின் மயீன் உதை வாங்கிய சம்பவத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். யமனில் அப்துர் ரஸ்ஸாக்கிடம் படித்துவிட்டு யஹ்யாவும் அஹ்மத் பின் ஹன்பலும் திரும்பும் வழியில் கூஃபாவுக்கு வருகிறார்கள். உடன் வந்த அஹ்மத் பின் மன்ஸூர் ரமாதீதான் இதைச் சொல்கிறார். “அபூ நுஐமைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன்” என்கிறார் யஹ்யா. “வேண்டாம், அவர் நம்பகமானவர்” என்று அஹ்மத் தடுக்கிறார். யஹ்யா கேட்கவில்லை. அபூ நுஐமின் ஹதீஸ்கள் முப்பதை ஒரு தாளில் எழுதி, பத்துக்கு ஒன்றாக அவருடையது அல்லாத ஹதீஸைச் செருகினார். அபூ நுஐம் மண் திண்ணையில் உட்கார்ந்து, அஹ்மதை வலப்பக்கமும் யஹ்யாவை இடப்பக்கமும் இருத்திக்கொண்டார். முதல் பத்து போயிற்று, பேச்சில்லை. செருகிய ஹதீஸ் வந்ததும், “இது என்னுடையது அல்ல, அடித்துவிடும்” என்றார். அடுத்த பத்திலும் அப்படியே. மூன்றாவது முறை அவர் முகம் மாறிவிட்டது. “இவர் இப்படிச் செய்யாத அளவுக்குப் பேணுதல் உள்ளவர்” என்று அஹ்மதைச் சொன்னார், ரமாதீயைக் காட்டி, “இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தூரம் வராது” என்றார், “இது உன் வேலை!” என்று யஹ்யாவைத் திண்ணையிலிருந்து உதைத்துத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். “நான்தான் சொன்னேனே” என்றார் அஹ்மத். யஹ்யா சொன்னது: “அல்லாஹ்வின் மீதாணையாக, இந்தப் பயணத்தைவிட அவர் உதைத்த உதை எனக்குப் பிரியமானது.”

பவளப்பாறை எழுதியது:

நூலகத்தான் ஹஸ்ரத் மிக அழகாகச் சொன்னார்கள். இந்த இழையின் பொருளே சரிபார்ப்பு என்பதால் இரண்டைச் சேர்க்கிறேன்.

ஒன்று. ஷுஅபாவிடம் அறை வாங்கியதாகச் சொல்லும் அந்த மாணவர் நஸ்ர் பின் ஹம்மாத் அல்வர்ராக். அவரையே ரிஜால் நூல்கள் பலவீனமானவர் என்கின்றன. பிற்கால ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜரின் தக்ரீப் என்ற ரிஜால் நூலில் அப்படித்தான் இருக்கிறது, யஹ்யா பின் மயீன் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த அறையையும் அழுகையையும் ஒரு வரலாற்றுச் செய்தியாக நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஷுஅபாவின் தேடலில் உடைந்தது அந்த ஒரு தொடர் மட்டும்தான். உளூவை நிறைவாகச் செய்து பிறகு ஷஹாதத் கலிமா (இறைவன் ஒருவனே, முஹம்மத் அவன் தூதர் என்ற உறுதிமொழி) சொல்பவருக்குச் சொர்க்கத்தின் எட்டு வாசல்களும் திறக்கப்படும் என்ற செய்தி, அதே உக்பா பின் ஆமிர் (ரலி) வழியாக, வேறு தொடரில் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அங்கே உக்பா அதை உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கிறார். ஒரு தொடர் பலவீனமாகிவிட்டால் செய்தியே பொய் என்று நம் இளைஞர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். மற்ற வழிகளைத் தேடாமல் அப்படித் தீர்ப்புச் சொல்ல இந்தக் கலையில் இடமில்லை.

பக்தாதில் இமாம் புகாரீக்கு வைத்த சோதனையையும் இப்படியே எடைபோட வேண்டும். நூறு ஹதீஸ்களின் தொடர்களையும் வாசகங்களையும் மாற்றிப் போட்டு, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்திக் காட்டினார் என்று எல்லா பயான்களிலும் கேட்கிறோம். இதைப் பதிவு செய்த இப்னு அதீ (இறப்பு ஹிஜ்ரி 365), “பல ஆசிரியர்கள் சொல்லக் கேட்டேன்” என்கிறார். அவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. பலர் சேர்ந்து சொல்வது அந்தக் குறையை ஈடுசெய்கிறது என்பவர்கள் உண்டு. பெயர் தெரியாதவர் பெயர் தெரியாதவர்தான் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் பக்கம் சாய்கிறேன். இமாம் புகாரீயின் சிறப்பு இந்தக் கதையில் இல்லை, அவருடைய நூலில் இருக்கிறது.

நூலகத்தான் எழுதியது:

நஸ்ரைப் பற்றிச் சொன்னது சரி. அறையை விட்டுவிடுவோம். பக்தாத் விஷயத்தில் உடன்படவில்லை. இப்னு அதீ எளிதில் ஏமாறும் மனிதர் அல்லர்; அறிவிப்பாளர்களின் குறைகளைத் தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர். அப்படிப்பட்டவர் தம் ஆசிரியர்கள் பலரின் வாயால் கேட்டதாகச் சொல்வதற்கு எடை உண்டு.

பவளப்பாறை எழுதியது:

எடை உண்டு என்பதை மறுக்கவில்லை, ஹஸ்ரத். ஒரு சட்டத்தை நிறுவ வந்த ஹதீஸில் இப்படியொரு தொடர் இருந்தால் நீங்கள் ஏற்பீர்களா என்பதுதான் என் கேள்வி.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

இந்த இருவரின் வாதத்தைப் படித்த பிறகு என் முதல் ஐயத்தை எடுத்துவிடுகிறேன். தன் நாயகர்களின் கதையையே இப்படிச் சோதிக்கும் மரபை நான் அதிகம் கண்டதில்லை. இரண்டாவது ஐயம் அப்படியே இருக்கிறது.

நூலகத்தான் எழுதியது:

அந்த இரண்டு நூற்றாண்டுகள் வெற்றிடமாக இருந்ததில்லை. கேட்டுச் சரிபார்ப்பது நபித்தோழர்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற ஹதீஸை அபூ மூஸா (ரலி) சொன்னபோது, சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள் உமர் (ரலி). அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி சொன்ன பிறகே அதை ஏற்றார்கள். குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று இப்னு உமர் (ரலி) அறிவித்தபோது, “அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருப்பார் அல்லது தவறியிருப்பார்” என்றார்கள் ஆயிஷா (ரலி). ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆன் வசனத்தைக் காட்டினார்கள். தோழர்களின் அறிவிப்புகளில் ஆயிஷா (ரலி) செய்த திருத்தங்களைத் தொகுத்து ஸர்கஷீ தனி நூலே எழுதியிருக்கிறார். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாமில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்தார்கள்.

எழுத்திலும் இருந்தது. அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் பின் முனப்பிஹ் எழுதிவைத்த ஏட்டின் படிகளை டமாஸ்கஸிலும் பெர்லினிலும் கண்டெடுத்து முஹம்மத் ஹமீதுல்லாஹ் 1953இல் பதிப்பித்தார். ஹைதராபாத்தில் பிறந்தவர் அவர். அந்த ஏட்டின் ஹதீஸ்களை, அஹ்மத் பின் ஹன்பல் தொகுத்த முஸ்னத் அஹ்மதோடு வைத்துப் பார்க்கலாம். இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் அவை அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. அறிஞர்கள் மறைந்து அறிவு அழிந்துவிடுமோ என்று அஞ்சிய கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (இறப்பு ஹிஜ்ரி 101), ஹதீஸ்களைத் தேடி எழுதும்படி மதீனாவின் அபூபக்ர் பின் ஹஸ்முக்குக் கடிதம் எழுதினார். மாலிக்கின் ஹதீஸ் தொகுப்பான முவத்தா புகாரீக்கு இரண்டு தலைமுறை முந்தையது. புகாரீ தொடக்கப் புள்ளி அல்லர்.

ஷாக்தைப் பற்றி: ஹரால்ட் மோட்ஸ்கி என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட நூலில், அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்ற பழைய தொகுப்பை எடுத்து ஆராய்ந்தார். அதில் இப்னு ஜுரைஜ் தம் ஆசிரியர் அதாவிடமிருந்து அறிவிப்பவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அதாவின் சொந்தக் கருத்துகள், நபியிடம் கொண்டு சேர்க்கப்படாதவை. சில இடங்களில் தமக்கு உறுதியில்லை என்று இப்னு ஜுரைஜே சொல்கிறார். இட்டுக்கட்டுகிறவன் இப்படியா கட்டுவான் என்பது மோட்ஸ்கியின் வாதம். விவாதம் கல்விப்புலத்தில் இன்னும் நடக்கிறது, ஆனால் ஷாக்த் விட்ட இடத்தில் அது நிற்கவில்லை.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

மோட்ஸ்கியின் நூலைத் தேடிப் பிடித்துப் படிக்கிறேன். உறுதியில்லை என்ற வாசகமே சான்றாக மாறுவது வலுவான வாதம்தான். தனித்தனி ஹதீஸ்கள் நபிகள்வரை போய்ச் சேருகின்றனவா என்பதை அது மட்டும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மணற்கேணி எழுதியது:

ஆயிஷா (ரலி) பெயர் வந்ததால் கேட்கிறேன். அதற்குப் பிறகு பெண்கள் இந்தக் கலையில் என்ன ஆனார்கள்? பவளப்பாறை அக்கா சொல்ல வேண்டும்.

பவளப்பாறை எழுதியது:

கரீமா அல்மர்வஸிய்யாவைப் பற்றிச் சொல்கிறேன். மெர்வ் பகுதியைச் சேர்ந்தவர், மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 460களில் இறந்தவர். ஸஹீஹுல் புகாரீயை குஷ்மீஹனீயிடம் கேட்டுக்கொண்டவர். பக்தாதின் பெரிய அறிஞர் கதீப் அல்பக்தாதீ ஹஜ்ஜுக்கு வந்தபோது, இந்த அம்மையாரிடம் ஐந்தே நாட்களில் புகாரீயை ஓதி முடித்தார்.

அவரிடம் எழுதிக்கொண்ட அபுல் கனாயிம் நர்ஸீ சொல்லும் செய்தியை வரலாற்றாசிரியர் தஹபீ பதிந்திருக்கிறார். கரீமா தம் புகாரீப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். நர்ஸீ எதிரே உட்கார்ந்து ஏழு தாள்கள் எழுதிக்கொண்டார். மூலத்தோடு தாமே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். “முடியாது. என்னோடு சேர்ந்து ஒப்பிட்டால்தான்” என்றார் கரீமா. ஏழு தாள்களையும் அவரோடு உட்கார்ந்து ஒப்பிட்ட பிறகே விட்டார். மக்காவுக்கு வரும் மாணவர்களின் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மூதாட்டி இப்படி ஏழு தாளுக்காக நின்றது எனக்கு எந்த நினைவாற்றல் கதையையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

பிற்காலத்தில் ஹிஜ்ரி 716இல் இறந்த ஸித்துல் வுஸரா டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் புகாரீயைக் கற்பித்தார். ஆயிஷா பின்த் அப்துல் ஹாதீயிடம் இப்னு ஹஜரே கேட்டிருக்கிறார். குறையுள்ள அறிவிப்பாளர்களுக்கென்றே மீஸானுல் இஃதிதால் எழுதிய தஹபீ, பெண்களின் பகுதிக்கு வரும்போது எழுதுகிறார்: பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு பெண்ணையோ, அறிஞர்கள் அடியோடு ஒதுக்கிய ஒரு பெண்ணையோ நான் அறியவில்லை.

தென்றல்வழி எழுதியது:

மாஷா அல்லாஹ். எங்கள் ஊர் மத்ரஸாவில் ஆண்டுதோறும் புகாரீ முடிக்கும் விழாவில் நிறையப் பெயர்களைச் சொல்கிறார்கள். கரீமா என்ற பெயரை நான் கேட்டதில்லை. இன்ஷா அல்லாஹ் இந்த ஆண்டு சொல்லச் சொல்கிறேன்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

இன்னொன்று. விமர்சகர்களே ஒருவரோடொருவர் முரண்பட்டால்? அந்த ஷஹ்ர் பின் ஹவ்ஷப் பற்றி எல்லாரும் ஒரே கருத்தில் இருந்தார்களா?

நூலகத்தான் எழுதியது:

இல்லை. ஷுஅபா அவரை விட்டுவிட்டார். அஹ்மதும் யஹ்யா பின் மயீனும் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய ஹதீஸ் நன்றாக இருக்கிறது என்று இமாம் புகாரீ சொன்னதாகத் திர்மிதீ எழுதுகிறார். இந்த எல்லாக் கூற்றுகளையும், யார் சொன்னது என்ற பெயரோடு, ஒரே இடத்தில் மிஸ்ஸீயின் தஹ்தீபுல் கமாலிலும் அதைச் சுருக்கிய இப்னு ஹஜரின் தஹ்தீபுத் தஹ்தீபிலும் பார்க்கலாம். எதிர்க்கருத்தை அவர்கள் அழிக்கவில்லை. தாரகுத்னீ (இறப்பு ஹிஜ்ரி 385), புகாரீ, முஸ்லிம் நூல்களிலேயே பல அறிவிப்புகளின் தொடர்களில் குறை கண்டு நூல் எழுதினார். இப்னு ஹஜர் தம் ஃபத்ஹுல் பாரீயின் முன்னுரையில், புகாரீ மீதான அந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். சில இடங்களில் பதில் அவ்வளவு எளிதல்ல என்பதையும் மறைக்கவில்லை.

மணற்கேணியின் முதல் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. புறமல்ல என்று வாதத்தால் நிறுவிவிட்டாலும் அவர்களின் உள்ளம் அதோடு ஓய்ந்துவிடவில்லை. ரய் நகரத்து இப்னு அபீ ஹாதிம் (இறப்பு ஹிஜ்ரி 327), அறிவிப்பாளர்களின் நிறைகுறைகளைப் பற்றிய தம் பெருநூலான அல்ஜர்ஹு வத்தஃதீலை மக்களுக்கு ஓதிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே வந்த ஒருவர், யஹ்யா பின் மயீன் சொன்னதாக இதைச் சொன்னார்: “இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே சொர்க்கத்தில் தங்கள் சுமைகளை இறக்கிவைத்துவிட்டவர்களாக இருக்கக்கூடிய மனிதர்களை நாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.” இப்னு அபீ ஹாதிம் அழுதார். கைகள் நடுங்கி நூல் கீழே விழுந்துவிட்டது. அழுதுகொண்டே அந்த வாசகத்தை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். ஆனால் எழுதியதில் ஒரு வரியையும் அவர் அழிக்கவில்லை. நூல் நம் கையில் இருக்கிறது.

இந்தச் செய்தியை எடுத்தெழுதும் தஹபீ அங்கேயே ஒரு குறிப்பு வைக்கிறார். அது நூறு ஆண்டுகளாக இருக்கலாம், ஏனென்றால் யஹ்யாவின் காலத்தில் இருநூறு என்ற கணக்கு வராது என்கிறார். யஹ்யா இறந்தது ஹிஜ்ரி 233இல்.

மணற்கேணி எழுதியது:

ஜஸாகல்லாஹு கைரன். கண் கலங்கிவிட்டது. அந்த நூல் எங்கே கிடைக்கும்?

நூலகத்தான் எழுதியது:

அரபு மூலம் ஹைதராபாத்தில் அச்சானது, 1888இல் தொடங்கிய தாயிரத்துல் மஆரிஃப் வெளியீடு. யமனிலிருந்து வந்து அங்கே பல ஆண்டுகள் பணிசெய்த முஅல்லிமீ கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். புகாரீயின் அத்தாரீக்குல் கபீரும் இப்னு ஹஜரின் தஹ்தீபுத் தஹ்தீபும் அங்கேதான் அச்சேறின. பழைய மத்ரஸா நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். அரபி தெரியாவிட்டால் ஓர் ஆலிமோடு உட்காருங்கள்; முன்னுரைப் பாகத்தை மட்டுமாவது படியுங்கள், ஷுஅபாவும் மாலிக்கும் அதில் இருக்கிறார்கள்.

தென்றல்வழி எழுதியது:

ஒரு நடைமுறைச் சந்தேகம். “இந்த சூராவை இத்தனை முறை ஓதினால் இன்ன நன்மை” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, பலவீனமாக இருந்தாலும் நல்ல காரியம்தானே, அனுப்பினால் என்ன என்று கேட்கிறார்கள்.

பவளப்பாறை எழுதியது:

நூஹ் பின் அபீ மர்யமும் இதையேதான் சொன்னார். ஒவ்வொரு சூராவின் சிறப்புக்கும் இப்னு அப்பாஸ் (ரலி) பெயரில் ஹதீஸ் எங்கிருந்து கிடைத்தது என்று அவரிடம் கேட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூ ஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் (மார்க்கச் சட்டத்திலும்) இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டார்கள், அதனால் நன்மையை நாடி உருவாக்கினேன் என்றார். அவர் மெர்வின் நீதிபதி. பெரும் பொய்யர்களைவிட இப்படிப்பட்டவர்களே அதிகத் தீங்கு செய்தார்கள் என்று இப்னுஸ் ஸலாஹ் எழுதுகிறார். பக்திமான் என்று மக்கள் நம்பி வாங்கிக்கொண்டதுதான் காரணம்.

நூலகத்தான் எழுதியது:

இட்டுக்கட்டப்பட்டதையும் பலவீனமானதையும் ஒன்றாகப் போட வேண்டாம். இட்டுக்கட்டப்பட்டதைப் பரப்புவது கூடாது, அதில் கருத்து வேறுபாடே இல்லை. நற்செயல்களின் சிறப்புகளில் பலவீனமானதை எடுத்துச் சொல்வதை நவவீ (ரஹ்) உட்பட பலர் அனுமதித்திருக்கிறார்கள். இப்னு ஹஜர் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட ஓர் அடிப்படையின் கீழ் அது வர வேண்டும், நபி (ஸல்) சொன்னார்கள் என்று உறுதியாக நம்பிச் செயல்படக் கூடாது.

பவளப்பாறை எழுதியது:

மூன்றாவது நிபந்தனையை வாட்ஸ்அப்பில் யார் காப்பாற்றுகிறார்கள், ஹஸ்ரத்? “நபி (ஸல்) கூறினார்கள்” என்று தடித்த எழுத்தில் போட்டுத்தானே அனுப்புகிறார்கள். பலவீனமானது என்று சேர்த்து எழுதினால் அனுப்பட்டும், இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளட்டும் என்பதே என் நிலை.

நூலகத்தான் எழுதியது:

அதில் நான் உங்களோடுதான். நவவீயின் அனுமதியும் இப்னு ஹஜரின் நிபந்தனைகளும் எங்கெங்கே வருகின்றன என்பதைத் தனி இழையில் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள். தென்றல்வழி, உங்களுக்கு வந்த அந்தச் செய்தியை அப்படியே அங்கே இடுங்கள், தொடரைத் தேடிப் பார்ப்போம்.